வீட்டுக் கோழிகளில் மிஞ்சும் சேவல்களை எங்கே அனுப்புவது?

அடைக்கு வைத்த பத்து முட்டையில் எட்டு பொரித்தால் அதில் ஏறக்குறைய நான்கு சேவலாக இருக்கும். ஒரு அடையில் இரண்டு வரலாம், இன்னொரு அடையில் ஆறு வரலாம், ஆனால் இரண்டு மூன்று வருடம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதியில்தான் வந்து நிற்கும். வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முட்டையை நினைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள், பிள்ளைகளுக்கு நல்ல முட்டை கொடுக்கலாம், மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் வீணாகாது என்று. இந்தப் பாதிக் கணக்கு அப்போது யார் மனதிலும் இருப்பதில்லை. ஐந்து மாதம் கழித்து நான்கு சேவலும் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஒன்றுக்கொன்று பதில் கூவும்போது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசாமல் போகும்போது, பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரியும்போதுதான் கேள்வி வருகிறது: இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். பெட்டை முட்டை போடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் மட்டும்தான் வேண்டும். முட்டைக்காக மட்டும் நான்கு பெட்டை வைத்திருக்கும் வீட்டில் ஒரு சேவல் கூட இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டலாம். இது தெரியாமல் "சேவல் இல்லாவிட்டால் முட்டை நின்றுவிடும்" என்று பயந்து, இடமே இல்லாத மாடியில் சேவலை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் நிறைய.

அடுத்தது, முட்டையைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் பழக்கம். கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பார்கள். அது சரியில்லை. முட்டையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதைப் போட்ட கோழியின் கருப்பாதை. குஞ்சின் பாலினத்தோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. மனிதர்களில் தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது, கோழியில் அது தலைகீழ்: சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும், ஆகவே பாதிக்குப் பாதி என்பது தாய்க்கோழியின் உடலிலேயே முடிவாகிவிடுகிறது. நாள் பார்த்து அடை வைத்தாலும், முட்டையைப் பொறுக்கி வைத்தாலும் இது மாறாது.

கிராமத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. விருந்தாளி வந்தால் பஞ்சாரத்தைத் தூக்கிப் பிடிக்கிற கோழி பெரும்பாலும் சேவல்தான். முட்டை போடுகிற பெட்டையை யாரும் லேசில் அடிக்க மாட்டார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதும் சேவல், ஆடி மாதக் கொடைக்குத் தேடி அலைவதும் சேவல், அதிலும் கருஞ்சேவல், செஞ்சேவல் என்று நிறம் சொல்லிக் கேட்பார்கள். (1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தமிழ்நாடு அரசு கறாராக அமல்படுத்தியதும், கிராமக் கோயில்களில் எழுந்த எதிர்ப்பில் 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். எத்தனை குடும்பங்களின் வழிபாட்டில் சேவலுக்கு இடம் இருக்கிறது என்பதை அந்தச் சில மாதங்களில் எல்லோரும் பார்த்தார்கள்.) இது போக, கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் சந்தைக்கு இரண்டு சேவல் போகும். ஊரில் சேவல் மிஞ்சுவதே கிடையாது, எல்லாச் சேவலுக்கும் போகிற இடம் முன்னாலேயே இருந்தது.

நகரத்திலும் புறநகரிலும் கோழி வளர்ப்பவர்கள் அந்த ஏற்பாட்டில் கோழியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், சேவல் போகிற வழிகள் கூட வரவில்லை. பலர் தானே அறுக்க மாட்டார்கள். குழந்தைகள் பெயர் வைத்திருப்பார்கள், கையில் வைத்துத் தீனி கொடுத்திருப்பார்கள். அந்த மனதை நான் குறைவாக நினைக்கவில்லை, உண்மையில் பெயர் வைத்த உயிரை எங்கே போகிறது என்றே தெரியாமல் அனுப்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நகரத்துச் சேவல்களில் ஒரு பங்கு வேறொரு வழியாகவும் வருகிறது. பேருந்து நிலையத்திலும் திருவிழாக் கடைகளிலும் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் ஏற்றி அட்டைப்பெட்டியில் விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள். நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளைக் கோழி ரகத்தில் பெட்டைக்கு மட்டும்தான் மதிப்பு. அதே ரகத்துச் சேவல் முட்டை போடாது, கறிக்கோழி போல ஆறு வாரத்தில் எடையும் ஏறாது. அதனால் குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள். உலகம் முழுக்கவே இப்படிப் பிரித்த ஆண் குஞ்சுகளை அன்றே கொன்றுவிடுவதுதான் தொழில் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்து, முட்டைக்குள் இருக்கும்போதே பாலினம் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு மாறியது. நம் ஊரில் அந்தக் குஞ்சுகளில் ஒரு பகுதி சில ரூபாய்க்குக் கைமாறி, சாயம் ஏறி, குழந்தையின் கைக்கு வருகிறது. பெரும்பாலானவை சூடு இல்லாமல் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். தப்பித்துப் பிழைத்தது அநேகமாகச் சேவலாகத்தான் இருக்கும், இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு வந்து, ஐந்தாம் மாதம் பால்கனியில் நின்று கூவும். அந்தச் சேவலை இனப்பெருக்கத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள், கறிக்கும் நாட்டுச் சேவல் விலை கிடைக்காது. சாயக் குஞ்சை வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

சேவலா பெட்டையா என்று எப்போது தெரியும்? நாட்டு ரகங்களில் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சந்தேகம் வர ஆரம்பிக்கும். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொண்டை சீக்கிரம் பெரிதாகிச் சிவந்து வருவது சேவல், காலும் தடிமனாக இருக்கும். ஆனால் கொண்டை சின்னதாகவே இருக்கும் சண்டை ரகங்களில் இது ஏமாற்றும். மூன்று மாதத்தில் கழுத்து இறகையும் வாலுக்கு முன்னால் முதுகில் தொங்கும் இறகையும் பார்த்தால் முடிந்தது, சேவலுக்கு அவை நீளமாகக் கூராகப் பளபளவென்று இருக்கும், பெட்டைக்கு நுனி உருண்டு இருக்கும். இந்த மூன்றாவது மாதம்தான் இடம் தேட வேண்டிய மாதம். கூவ ஆரம்பித்து, பக்கத்து வீட்டில் சண்டை வந்து, சேவல்கள் ஒன்றையொன்று கொத்தி ரத்தம் வடிய நிற்கும்போது தேடினால், முதலில் வந்து நிற்கிறவர் கையில் கொடுத்துவிடத் தோன்றும். தப்பான கைக்குப் போவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

கூவுவதைப் பற்றி ஒரு பத்தி சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்திவிடலாம் என்று நம்பித்தான் பலர் நாளைக் கடத்துகிறார்கள். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் சேவல்களை வெளிச்சம் மாறாத அறையில் வைத்துப் பார்த்தார்கள். விடியல் என்பதே தெரியாத அந்த அறையிலும் தினமும் ஏறக்குறைய அதே நேரத்துக்குக் கூவின, உடலுக்குள் ஓடும் கடிகாரம்தான் காரணம். அடுத்து 2015-இல் இன்னொன்றும் கண்டார்கள்: கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும். ஆகவே இருட்டுப் பெட்டியில் அடைத்தால் சத்தம் கொஞ்சம் குறையுமே தவிர கூவல் நிற்காது. கழுத்தில் பட்டை கட்டிக் கூவவிடாமல் செய்யும் முறை வெளிநாடுகளில் இருக்கிறது. தீனியும் மூச்சும் போகிற கழுத்தை இறுக்குகிற வேலை அது, எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் சேவலின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபெல். அந்த விதி சேவலை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல, ஆனாலும் சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதற்கு அந்த எண்ணே போதும். பிரான்சில் மோரிஸ் என்ற சேவலின் கூவல் நீதிமன்றம் வரை போனது, 2019-இல் சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2021-இல் கிராமத்தின் ஓசைகளையும் வாசனைகளையும் பாதுகாக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். அது கிராமப்புறத்துக்கான சட்டம். அமெரிக்காவில் பல நகரங்கள் வீட்டில் பெட்டைக்கு அனுமதி கொடுத்துவிட்டுச் சேவலை மட்டும் தடை செய்திருக்கின்றன. அங்கும் பிரச்சினை இதேதான்.

சரி, எத்தனை சேவலை வைத்துக்கொள்ளலாம்? எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவல் இருந்தால் இணைசேர மிதித்து மிதித்தே பெட்டைகள் ஒடுங்கிவிடும், சில பெட்டைகள் கூட்டை விட்டு வெளியே வரவே பயப்படும். தோட்டம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒன்றாகவே வளர்ந்த சேவல்களைப் பெட்டையே இல்லாத தனி வேலிக்குள் விட்டால், ஆரம்பச் சில்லறைச் சண்டைக்குப் பிறகு வரிசை முடிவாகி அமைதியாக இருக்கும். பெட்டை கண்ணில் படக்கூடாது, இடம் தாராளமாக வேண்டும், ஒளிந்துகொள்ள மறைவு வேண்டும். அசீல் போன்ற சண்டை ரகங்களுக்கு இது ஒத்துவராது, அவை ஒன்றையொன்று கொன்றுவிடும்.

இனி இடம் தேடுவது. எனக்குத் தெரிந்து மிக நல்ல இடம், அடை வைத்துக் குஞ்சு எடுக்கிற இன்னொரு வளர்ப்பாளரின் கூடு. காரணம் இதுதான்: ஒரே சேவலை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அது தன் மகள்களையே மிதிக்க ஆரம்பிக்கும், அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் நோஞ்சானாக வரும், பொரிப்பும் குறையும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை சேவலை மாற்றுவார்கள். அவர்களுக்கு வெளிரத்தம் வேண்டும், உங்களுக்கு இடம் வேண்டும். உங்களிடம் இருப்பது கலப்பில்லாத சிறுவிடையோ பெருவிடையோ கடக்நாத்தோ என்றால் இப்படிக் கேட்கிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். ரகம் கலந்திருந்தாலும், தாய் நன்றாக முட்டை போட்டது, நோயில்லாமல் வளர்ந்தது என்று சொல்ல முடிந்தால் புறக்கடையில் பத்து இருபது கோழி வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்வார். கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள், யாரிடம் எத்தனை கோழி இருக்கிறது, யார் சேவல் தேடுகிறார்கள் என்று அங்கே தெரிந்திருக்கும். தீவனக் கடைக்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். சேவலுக்குப் பதில் சேவல் என்று மாற்றிக்கொள்வது, சேவலைக் கொடுத்து இரண்டு விடைக்கோழி (இன்னும் முட்டை போடத் தொடங்காத இளம் பெட்டை) வாங்கிக்கொள்வது எல்லாம் ஊரில் இன்றைக்கும் நடக்கிற பேரம்தான்.

இங்கேதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொன்ன உடனே வண்டியில் வந்து, பெட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், சேவலின் காலையும் முள்ளையும் மட்டும் தடவிப் பார்க்கிறவர் யார் என்று யோசியுங்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு விலங்குகளைக் கேளிக்கைக்காக மோதவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனாலும் பொங்கலை ஒட்டிச் சேவல்கட்டு, அதாவது சேவல் சண்டை, நடப்பது எல்லோருக்கும் தெரியும். கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு அதற்கே பெயர் பெற்றது. காலில் கத்தி கட்டி விடும் கட்டில் ஒரு சேவல் சில நிமிடத்தில் செத்துப்போகும். உண்மையான கட்டுச்சேவல்காரர்கள் தங்கள் பறவையை ரகம் பார்த்து, வம்சம் பார்த்து வளர்ப்பவர்கள், உங்கள் வீட்டுச் சேவலை அவர்கள் தேடி வருவதில்லை. ஆனால் பயிற்சிக்காக, தங்கள் சேவலை மோதவிட்டுப் பழக்குவதற்காக ஏதோ ஒரு சேவல் கிடைத்தால் போதும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அன்பாக வளர்ந்து, கையில் வந்து உட்காரும் சேவலுக்கு அதைவிட மோசமான முடிவு எனக்குத் தோன்றவில்லை. டிசம்பர், ஜனவரியில் சேவலை முகம் தெரியாதவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சும்மா கொடுக்காமல் சந்தை விலையில் பாதியாவது கேளுங்கள். எத்தனை பெட்டை வைத்திருக்கிறீர்கள், ராத்திரி எங்கே அடைப்பீர்கள் என்று கேளுங்கள், முடிந்தால் போய்ப் பாருங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷமாகக் கூட்டைக் காட்டுவார்கள்.

கறிக்குப் போவதைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடலாம். மிஞ்சும் சேவல்களில் பெரும்பகுதி கறிக்குத்தான் போகும், வேறு வழி கணக்கிலேயே இல்லை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை போதும், பிறப்பதோ சரிபாதி. எல்லாச் சேவலுக்கும் ஆயுசு முழுக்க இருக்க இடம் கொடுப்பதற்கு ஊரில் அவ்வளவு கூடு இல்லை. சைவக் குடும்பமாக இருந்தால் இது கஷ்டமான பேச்சு என்று தெரியும். ஆனால் "வளர்க்கிறேன்" என்று பொய் சொல்லி வாங்கிப் போகிறவருக்கு வழி விடுவதைவிட, சாப்பிடத்தான் வாங்குகிறேன் என்று நேராகச் சொல்கிற, அடிக்காமல் துன்புறுத்தாமல் கொண்டுபோய் அன்றைக்கே முடித்துவிடுகிற தெரிந்தவருக்குக் கொடுப்பது அந்த உயிருக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். மனம் ஒப்பாதவர்கள் அந்தச் சேவலைத் தாங்களே வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும். சேவலுக்கு ஆயுள் எட்டு வருடம் வரைகூடப் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்குக் கொண்டுபோவதும் ஒரு வழி. திண்டுக்கல் பக்கம் அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் கோழியும் கட்டுச்சேவலும் பேர்போனவை. சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பறவை விற்பார்கள். விலை நன்றாகவே கிடைக்கும், ஆனால் யார் கைக்குப் போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. முருகன் கோயிலுக்குக் காணிக்கையாக விடுகிறவர்களும் உண்டு. கோயில்கள் அவற்றை ஏலம் விட்டுவிடுவதுதான் வழக்கம், அதுவும் கடைசியில் சந்தைதான். கோயில் வாசலிலோ ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது. வீட்டில் வளர்ந்த சேவலுக்கு நாயிடமிருந்து ஓடத் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விட்டால் அங்கே வாழும் சாம்பல் காட்டுக்கோழிகளுக்கு நம் வீட்டு நோயும் கூடவே போகும்.

நோய் என்றதும் சொல்ல வேண்டியது வெள்ளைக்கழிச்சல். பார்க்க நன்றாக இருக்கும் ஒரு சேவல் போய்ச் சேர்ந்த வீட்டில் முப்பது கோழியும் ஒரு வாரத்தில் சாய்ந்துவிட்டால், உங்களிடம் மறுபடி யாரும் வாங்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது பெரிய நஷ்டம். கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கழிச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள், கால்நடைத் துறை முகாம் வைக்கும் சமயத்தில் செலவும் இல்லை. குடற்புழு மருந்தும் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொண்டுபோகும்போது காலைக் கட்டி வண்டி ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ மூங்கில் கூடையோ போதும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் கொண்டுபோனால் சேவல் அடங்கி இருக்கும், புது இடத்தில் ராத்திரி தூங்கி எழுந்தால் பயமும் குறையும். பழகிய தீனியில் இரண்டு நாளைக்கு உண்டானதைக் கூடவே கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் வந்தபின் செய்வது. வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் எளிது. முட்டை மட்டும் போதும் என்றால் ஒரு நாள் குஞ்சு வாங்காமல் மூன்று மாத விடைக்கோழியாக வாங்குங்கள், விலை அதிகம்தான், ஆனால் எல்லாம் பெட்டை என்று கண்ணால் பார்த்து வாங்கலாம். பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது, பாவம் என்று கையில் இருக்கும் முட்டையை எல்லாம் வைக்காதீர்கள். வரப்போகும் சேவல்களில் பாதியையாவது எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். கறிக்குக் கொடுப்பதில் தடை இல்லாதவர்கள் மாதத்தையும் பார்த்துக்கொள்ளலாம். தை நடுவில் அடை வைத்தால் 21 நாளில், மாசித் தொடக்கத்தில் பொரிக்கும், ஆடியில் சேவலுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கும், அப்போது வீடு தேடி வந்து கேட்பார்கள். பங்குனி முடிவில் வைத்தால் அதே சேவல் புரட்டாசியில் தயாராகும். அந்த மாதத்தில் கேட்க ஆள் குறைவு, தீபாவளி வரை நீங்களே தீனி போட்டு, நீங்களே பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.